வரிசையில் ஓர் இடம்: தேடுபொறிக் காலத்தின் இணைய வணிகம்

இணையத்தில் கடை வைப்பது 1990களின் தொடக்கம் வரை பெரும்பாலும் விதிகளுக்குப் புறம்பான செயலாகவே இருந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அரசுப் பணத்தில் நடத்திவந்த என்.எஸ்.எப்.நெட் என்னும் முதுகெலும்புத் தடம், அதாவது நாடெங்கும் உள்ள கணினி வலையமைப்புகளை ஒன்றோடொன்று பிணைத்த பெருவழி, ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டுமே உரியது என்று அதன் பயன்பாட்டு விதிகள் வரையறுத்திருந்தன. தனியார் தடங்கள் ஒவ்வொன்றாகக் கிளைத்து வளர்ந்து, 1995 ஏப்ரல் 30 அன்று அரசுத் தடம் ஓய்வுபெற்றபோதுதான் அந்தத் தடை முற்றாக நீங்கியது. அதற்குப் பிந்தைய இருபதாண்டு இணைய வணிகத்தைப் பெருநிறுவனங்களின் வளர்ச்சியாக மட்டும் பார்ப்பவர்கள், அக்காலத்தின் சிறு வணிகர் நாள்தோறும் எதிர்கொண்ட கேள்வியைத் தவறவிடுகிறார்கள். தேடுவோரின் கண்முன் விரியும் பட்டியலில் தன் கடைக்கு எத்தனையாவது இடம், அந்த இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதே அக்கேள்வி. அந்த இடம் முதலில் ஓர் ஆசிரியரின் முடிவாக இருந்து, பின்னர் எந்திரத்தின் கணக்காகி, அதன்பின் ஏலப்பொருளாகவும் ஆனது.

கடை தொடங்குவதற்கான கருவிகள் வியக்கத்தக்க வேகத்தில் ஒன்றுசேர்ந்தன. 1994 ஆகஸ்ட் 11 அன்று நெட்மார்க்கெட் என்னும் சிறு நிறுவனம் பாடகர் ஸ்டிங்கின் குறுந்தகடு ஒன்றை 12.48 டாலருக்கும் அஞ்சல் செலவுக்கும் விற்றது. வாங்கியவரின் கடனட்டை எண் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது இடையில் பார்ப்பவருக்குப் புரியாத வடிவத்துக்கு மாற்றப்பட்டுச் சென்றதால், அந்த விற்பனை மறுநாளே நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் செய்தியானது. அவ்வகை மறையாக்கத்தை நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் தன் உலாவிக்குள்ளேயே அமைத்துவிட, வாங்குபவர் தனியே மென்பொருள் எதையும் தேடிப் பொருத்த வேண்டிய தேவை ஒழிந்தது. கடைக்குரிய இணையப் பெயரை, அதாவது டொமைனை, 1995 செப்டம்பர் வரை கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் ஆயிற்று. பால் கிரகாமும் ராபர்ட் மோரிசும் 1995இல் தொடங்கிய வயாவெப், நிரல் எழுதத் தெரியாத வணிகரும் உலாவியின் வழியாகவே கடையை அமைத்து நடத்தும் மென்பொருளைச் சிறு கடைக்கு மாதம் 100 டாலர், பெரிய கடைக்கு 300 டாலர் என்ற வாடகைக்கு அளித்தது. நகரத்தின் முதன்மையான கடைவீதியில் இடம் பிடிக்கக் கொடுக்கும் முன்பணத்தோடு வைத்துப் பார்த்தால் இவையெல்லாம் சில்லறைச் செலவுகள். ஆனால் கடைவீதியில் ஆட்கள் தாமாகவே நடமாடுகிறார்கள். இணையக் கடைக்கு முன்னால் வீதியே இல்லை.

இந்தக் குறையை முதலில் நிரப்ப முயன்றவை மனிதர் தொகுத்த பட்டியல்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் பைலோவும் 1994இல் தொடங்கிய யாஹூ, தளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசையில் அடுக்கியது. ஒரு தளத்தைச் சேர்ப்பதா, எந்தப் பிரிவில் சேர்ப்பது, எத்தகைய விவரிப்போடு சேர்ப்பது என்பதைச் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் முடிவு செய்தனர். அகரவரிசையில் முன்னால் நிற்பதற்காகவே ஆங்கில முதலெழுத்தில் தொடங்கும் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம், தொலைபேசிக் கையேட்டுக் காலத்திலிருந்து இணையத்துக்கும் தொற்றியது. ஜெப் பெசோஸ் தன் புத்தகக் கடைக்கு முதலில் இட்ட பெயரைக் கைவிட்டு அமேசான் என்று மாற்றியதற்கு அந்தப் பெயரின் முதலெழுத்தும் ஒரு காரணமாக இருந்தது. விண்ணப்பங்கள் குவியக் குவிய ஆசிரியர்களால் ஈடுகொடுக்க முடியாமல் போக, 1999இல் யாஹூ 199 டாலர் பெற்றுக்கொண்டு ஏழு வேலைநாட்களுக்குள் ஒரு வணிகத் தளத்தைப் பார்வையிடும் முறையைக் கொண்டுவந்தது. அந்தத் தொகை பார்வையிடுவதற்கான கட்டணம் மட்டுமே; பட்டியலில் சேர்ப்பதற்கான உறுதி அதில் இல்லை. 2001 இறுதியில் அது ஆண்டுதோறும் 299 டாலராக மாறியபோது, கட்டணமில்லாத இடம் என்ற கருத்தே அந்தப் பட்டியலின் வணிகப் பகுதியிலிருந்து மறைந்துவிட்டது.

இரண்டாவது வழி, தளங்களை எந்திரமே வாசிப்பது. தேடுபொறி என்பது மூன்று வேலைகளின் கூட்டு: சிலந்தி என்னும் நிரல், ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்தொடர்ந்து அடுத்தடுத்த பக்கங்களுக்குச் சென்று அவற்றைப் படியெடுக்கிறது, அந்தப் படிகளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அட்டவணை தயாராகிறது, தேடுபவர் ஒரு சொல்லை இட்டதும், அட்டவணையில் கிடைத்த பக்கங்களைத் தேடுபொறி ஏதோ ஓர் அளவுகோலால் வரிசைப்படுத்தி முன்வைக்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகங்கள் 1995 டிசம்பர் 15 அன்று வெளியிட்ட ஆல்டாவிஸ்டா, சுமார் 1.6 கோடிப் பக்கங்களை முழுமையாக அட்டவணைப்படுத்தி, அந்நாளைய வாசகர்களை மலைக்க வைத்தது. வணிகருக்கு அதன் பெருங்கவர்ச்சி வேறொன்று. தன் பக்கத்தின் முகவரியை அதற்கென இருந்த படிவத்தில் இட்டால் ஓரிரு நாட்களில் அது அட்டவணையில் ஏறிவிட்டது. எந்த ஆசிரியரின் அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆனால் அக்கால எந்திரங்களின் அளவுகோல் பக்கத்துக்குள் இருக்கும் சொற்களையே பெரிதும் நம்பியது. ஒரு சொல் தலைப்பில் உள்ளதா, எத்தனை முறை வருகிறது, பக்கத்தின் மறைபகுதியில் தளத்துக்காரர் எழுதிவைக்கும் குறிச்சொற்களில் அது இடம்பெற்றுள்ளதா என்பவையே கணக்கு. தன்னைப் பற்றித் தானே எழுதும் சான்றிதழை நம்பும் எந்த முறையும் நீடிக்காது என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. விற்பனைப் பக்கங்களின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல் நூற்றுக்கணக்கான முறை எழுதப்பட்டது. வாசகரின் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பத்தியைச் சிலந்தி மட்டும் வாசித்துவிட்டுச் சென்றது. தளத்தைச் சேர்க்கும் படிவத்தை ஆயிரக்கணக்கான முகவரிகளோடு தானே நிரப்பும் நிரல்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தடுப்பதற்காக ஆன்ட்ரே பிராடரும் ஆல்டாவிஸ்டாவில் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல், கோணல்மாணலாகத் திரிக்கப்பட்ட எழுத்துகளைப் படித்து மீண்டும் எழுதச் சொல்லும் சோதனையை வகுத்தனர். இன்று வங்கித் தளம் முதல் ரயில் முன்பதிவு வரை மனிதரை எந்திரத்திலிருந்து பிரித்தறியப் பயன்படும் அந்தச் சோதனையின் தொடக்க வடிவங்களில் ஒன்று, இலவச இடத்துக்காக முண்டியடித்த வணிகர்களைக் கட்டுப்படுத்தவே பிறந்தது. அவ்வணிகர்கள் அனைவரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. வரிசையின் விதி என்னவென்று வெளிப்படையாகச் சொல்லப்படாத நிலையில், நேர்மையான கடைக்காரரும் ஊகத்தின் அடிப்படையிலேயே செயல்பட வேண்டியிருந்தது. பத்திரிகையாளர் டேனி சல்லிவன் 1996இல் தேடுபொறிகளின் நடத்தையைச் சோதித்து எழுதிய வழிகாட்டி அவ்வளவு வேகமாகப் பரவியதற்கும், தேடுபொறிக்கு ஏற்பப் பக்கங்களைச் செப்பனிடுவதைத் தொழிலாகக் கொண்டோர் உருவானதற்கும் அந்த இருளே காரணம்.

இந்தக் குழப்பத்துக்கு முற்றிலும் வேறான தீர்வை 1998இல் முன்வைத்தவர், பாசடீனாவில் ஐடியாலேப் என்ற நிறுவனத்தை நடத்திவந்த பில் கிராஸ். ஒரு சொல்லுக்கான பட்டியலில் இடம் வேண்டுபவர் அந்தச் சொல்லுக்கு விலை கூறட்டும். அதிக விலை கூறியவர் முதலில் நிற்கட்டும். ஆனால் தேடுபவர் உண்மையில் கிளிக் செய்து கடைக்குள் நுழைந்தால் மட்டுமே அந்தத் தொகை வசூலிக்கப்படட்டும் என்பதே அவருடைய கோடூ தேடுபொறியின் விதி. ஏலம் ஒரு சென்டில் தொடங்கியது. பொருத்தமில்லாத சொல்லுக்குப் பணம் கொடுத்து ஆட்களை வரவழைப்பவர் நஷ்டப்படுவார் என்பதால், பொய்யான பக்கங்களைப் பணமே வடிகட்டிவிடும் என்பது கிராஸின் வாதம். அதைவிடக் குறிப்பிடத்தக்கது, ஒவ்வொரு முடிவின் அடியிலும் அந்த விளம்பரதாரர் ஒரு கிளிக்குக்கு எத்தனை சென்ட் கொடுக்கிறார் என்ற தொகையே அச்சிடப்பட்டிருந்தது. தேடுபவர், போட்டியாளர், ஆய்வாளர் என எவரும் அதைக் காணலாம். விளம்பர வரலாற்றில் இடத்தின் விலை அந்த இடத்தின் மீதே எழுதப்பட்டிருந்த காலம் வேறு உண்டா என்பது ஐயமே. பிற்காலப் பெருந்தேடுபொறிகள் அந்த வெளிப்படைத்தன்மையை ஏற்கவில்லை என்பது இழப்பாகவே கருதத்தக்கது.

விளம்பரத்துறையில் அதுவரை நிலவிய முறையோடு ஒப்பிட்டால் இதன் புதுமை விளங்கும். 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் தோன்றிய பட்டைகளிலிருந்து தொடங்கிய இணைய விளம்பரம், எத்தனை ஆயிரம் பேரின் கண்ணில் பட்டது என்ற கணக்கில் விற்கப்பட்டது. பார்த்தவருக்கு அந்தப் பொருள் தேவையா என்பதை அந்தக் கணக்கு கேட்கவில்லை. தேடல் விளம்பரத்திலோ வாங்குபவர் தன் தேவையைத் தன் சொற்களிலேயே முதலில் சொல்கிறார், விற்பவர் அதற்குப் பிறகே பேசுகிறார். இந்த வேறுபாட்டை வயாவெப் நிறுவனர்களும் உணர்ந்திருந்தனர். 1998இல் சுமார் 4.9 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு யாஹூ அந்த நிறுவனத்தை வாங்கிய சமயத்தில், பொருள் தேடலின் முடிவுகளை ஒவ்வொரு இணைப்பும் ஈட்டித்தரும் வருவாயின் வரிசையில் அடுக்கும் முறை ஒன்றைக் காட்டியதாகவும், பட்டை விளம்பரங்களுக்கு விளம்பரதாரர்கள் அள்ளிக்கொடுத்துவந்த அந்நாளில் யாஹூ அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் கிரகாம் பின்னர் எழுதியுள்ளார். கோடூ 2001இல் ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தன் ஏலப் பட்டியலைப் பிற தேடல் தளங்களுக்கும் வழங்கிச் செழித்தது. 2003இல் யாஹூவே அதை 160 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

பணம் கொடுத்துப் பெற்ற இடத்தையும் தகுதியால் பெற்ற இடத்தையும் பிரித்துக் காட்டாத தேடுபொறிகள் அப்போது பல இருந்தன. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002 ஜூனில் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, விளம்பரம் விளம்பரமெனத் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்று அறிவுறுத்தியது.

கூகுள் இந்த இரு மரபுகளையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்தது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்போர்டில் வகுத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் மற்றப் பக்கங்கள் அதற்குத் தரும் இணைப்புகளை நம்பியது. அந்த இணைப்புகளிலும், மதிப்புமிக்க பக்கத்திலிருந்து வருவதற்குக் கூடுதல் எடை. 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பு, விளம்பர வருவாயால் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரரின் பக்கம் சாயும் என்ற எச்சரிக்கையைக் கொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2000 அக்டோபர் 23 அன்று, அவர்களுடைய நிறுவனமே 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் இலவச முடிவுகளை இடப்புறமும் விளம்பரங்களைத் தனியேயும் வைத்த அந்தப் பிரிவினை, அக்காலத்தின் பிற தேடுபொறிகளோடு ஒப்பிடுகையில் நாணயமானது என்பதை மறுக்க முடியாது.

ஆட்வேர்ட்ஸ் முதலில் கண்பார்வைக் கணக்கிலேயே விற்கப்பட்டது. 2002 பிப்ரவரியில் அது கிளிக் ஏலத்துக்கு மாறியபோது, கோடூவின் விதியில் இரண்டு திருத்தங்களைச் செய்தது. முதலாவது, வரிசையைக் கூறிய விலை மட்டும் தீர்மானிக்காது; அந்த விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் எத்தனை விழுக்காட்டினர் கிளிக் செய்கிறார்கள் என்பதால் அந்த விலையைப் பெருக்கி வரும் தொகையே தீர்மானிக்கும். ஒரு கடைக்காரர் கிளிக்குக்கு ஒரு டாலர் கூறி, நூறு பேரில் ஒருவரே கிளிக் செய்தால், கூகுளுக்குக் கிடைப்பது ஒரு டாலர். மற்றொருவர் 50 சென்டே கூறினாலும் நூறில் மூவர் கிளிக் செய்தால் கிடைக்கக்கூடியது ஒன்றரை டாலர். எனவே பாதி விலை கூறியவரே மேலே நிற்பார். இரண்டாவது திருத்தம், வென்றவர் தான் கூறிய தொகையை முழுமையாகக் கொடுக்க வேண்டியதில்லை. தனக்குக் கீழே இருப்பவரை விஞ்சத் தேவையான தொகையைக் கொடுத்தால் போதும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது சுமார் 34 சென்ட். ஓவர்ச்சரின் ஏலத்தில் கூறிய விலையையே கொடுக்க வேண்டியிருந்ததால், விலையை மணிக்கு மணி ஏற்றி இறக்கும் நிரல்களை வைத்துக்கொண்டு போட்டியாளர்கள் ஒருவரையொருவர் வேவு பார்த்தனர். கூகுளின் முறையில் அந்த ஓயாத ஆட்டம் பெரிதும் தணிந்தது. முன்னோடியின் உரிமை கேட்டு ஓவர்ச்சர் 2002இல் தொடுத்த காப்புரிமை வழக்கு, 2004 ஆகஸ்டில் கூகுள் தன் 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்கு அளித்த சமரசத்தில் முடிந்தது. 2001இல் 8.64 கோடி டாலராக இருந்த கூகுளின் வருவாய், 2004இல் 318.9 கோடி டாலராயிற்று; ஏறத்தாழ அது முழுவதும் விளம்பரப் பணம்.

அந்தப் பணத்தின் ஒரு பகுதி, அதுவரை விளம்பரம் என்பதையே செய்திராத கடைகளிலிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றின் சாரமான செய்தி. ஆட்வேர்ட்ஸில் சேர அப்போது ஐந்து டாலரும் ஒரு கடனட்டையும் போதுமானதாக இருந்தது. ஒரு கிளிக்கின் கீழ்வரம்பு ஐந்து சென்டாக இருந்தது. விளம்பரத்தின் அளவு யாராக இருந்தாலும் ஒன்றாகவே இருந்தது: தலைப்புக்கு 25 எழுத்துகள், விவரிப்புக்கு 35 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள், அடியில் கடையின் முகவரி. படம் கிடையாது, வண்ணம் கிடையாது, பெரிய எழுத்துகளால் கூவ முடியாது. கோடி டாலர் நிறுவனமும் வீட்டின் பின்கட்டில் சரக்கை வைத்திருந்தவரும் அதே 95 எழுத்துகளுக்குள் பேச வேண்டியிருந்தது. எந்தத் தலைப்புக்குக் கிளிக் கூடுகிறது என்று அறிய, ஒரே பொருளுக்கு இரண்டு விளம்பரங்களை மாற்றி மாற்றிக் காட்டி, தோற்றதை நீக்கி, வென்றதற்கு எதிராகப் புதிதொன்றை நிறுத்தும் பழக்கம் பரவியது. அஞ்சல்வழி விற்பனையாளர்கள் பல மாதங்கள் காத்திருந்து பெற்ற அறிவு, இங்கே இரண்டு மூன்று நாட்களில் கிடைத்தது.

கடை தொடங்கும் முறையே இதனால் தலைகீழாயிற்று. பழைய வணிகர் சரக்கைக் கொள்முதல் செய்த பிறகே வாங்குவோரைத் தேடினார். தேடுபொறிக் கால வணிகர் வாங்குவோர் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சரக்குக்குப் போனார். ஒரு சொல் சென்ற மாதம் எத்தனை முறை தேடப்பட்டது என்ற எண்ணிக்கையை ஓவர்ச்சர் கட்டணமின்றி எவருக்கும் காட்டியது. சந்தை ஆய்வுக்குப் பெருந்தொகை செலவிட முடியாதவர் கையில் தேவையின் அளவு முதன்முறையாக எண்ணாகவே கிடைத்தது. பொதுவான சொற்களுக்குப் போட்டி கடுமையாகவும், மூன்று நான்கு சொற்கள் சேர்ந்த குறுகிய தேடல்களுக்குக் கிளிக் மலிவாகவும் இருந்ததால், அகன்ற பாதத்துக்கான காலணி, குறிப்பிட்ட மாடல் எந்திரத்தின் உதிரிப்பாகம் போன்ற ஒற்றைப் பொருளை மட்டும் விற்கும் கடைகள் பிழைத்தன. 1999இல் நிக் ஸ்வின்மர்ன் இணையக் காலணிக் கடையைத் தொடங்கியபோது, அருகிலிருந்த கடையின் காலணிகளைப் படமெடுத்துத் தளத்தில் இட்டு, ஆர்டர் வந்த பிறகு அதே கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். அதுவே பின்னர் ஜாப்போஸ் ஆகி, 2009இல் அமேசானின் கைக்குச் சென்றது. கனடாவின் ஒட்டாவாவில் 2004இல் பனிச்சறுக்குப் பலகைகள் விற்கத் தொடங்கிய டோபியாஸ் லுட்கே, கிடைத்த கடை மென்பொருள்கள் மனநிறைவு தராததால் தாமே ஒன்றை எழுதினார். பலகைகளைவிட அந்த மென்பொருளே விலைபோகும் என்று கண்டு 2006இல் வெளியிட்டதுதான் ஷாப்பிபை.

கணக்கு எளிதாகவும் கடுமையாகவும் இருந்தது. ஒரு பொருளில் 20 டாலர் லாபம் நிற்கிறது, வருபவர் நூறு பேரில் ஒருவர் வாங்குகிறார் எனக் கொண்டால், கிளிக் பத்து சென்டாக உள்ளவரை நூறு கிளிக்குக்குப் பத்து டாலர் செலவு போகப் பத்து டாலர் மிஞ்சும். அந்த லாபத்தைக் கண்டு இன்னொருவர் ஏலத்தில் நுழைந்து கிளிக் 25 சென்ட்டுக்கு ஏறினால், அதே கடை ஒவ்வொரு விற்பனையிலும் ஐந்து டாலர் இழக்கும். அதாவது ஒரு துறையில் எவ்வளவு லாபம் உண்டோ அதன் பெரும்பங்கை ஏலமே நாளடைவில் உறிஞ்சிக்கொள்ளும். வரிசையின் வாடகை ஏறிக்கொண்டே போகும். தாக்குப்பிடித்தவர்கள், ஒருமுறை வந்தவரை மீண்டும் வரவழைக்கும் கடைகளும், வருபவரில் கூடுதல் பேரை வாங்கவைக்கும் பக்கங்களும் உடையவர்களே. போட்டியாளரின் விளம்பரத்தை வேண்டுமென்றே கிளிக் செய்து அவருடைய பணத்தைக் கரைக்கும் தீமையும் கூடவே வளர்ந்தது. ஆர்க்கன்சா மாநிலத்தில் லேன்ஸ் கிப்ட்ஸ் என்னும் பரிசுப்பொருள் கடை முன்னின்று தொடுத்த குழு வழக்கை, கூகுள் 2006இல் 9 கோடி டாலர் வரையிலான சமரசத்தால் முடித்துக்கொண்டது.

வாடகை கொடுக்க இயலாதவர்களும் விரும்பாதவர்களும் இலவச வரிசையை நம்பினர். பேஜ்ரேங்க் இணைப்புகளுக்கு மதிப்பளித்ததால் இணைப்பே சரக்காயிற்று. ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுக்கும் உடன்பாடுகள், மதிப்புமிக்க தளங்களில் இணைப்பை விலைக்கு வாங்கித் தரும் தரகுகள், இணைப்பு தருவதற்கென்றே படைக்கப்பட்ட போலித் தளக் கூட்டங்கள் தோன்றின. அத்தகைய தரகில் ஈடுபட்ட ஒக்லஹோமாவின் சர்ச்கிங் நிறுவனம், தன் மதிப்பெண்ணைக் கூகுள் வேண்டுமென்றே குறைத்துவிட்டதாக 2002இல் வழக்குத் தொடுத்தது. பேஜ்ரேங்க் என்பது ஒரு கருத்து, கருத்துக்கு அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று கூறி நீதிமன்றம் 2003இல் அதைத் தள்ளுபடி செய்தது. வணிகர்கள் அந்தத் தீர்ப்பின் பொருளை ஆண்டு முடிவதற்குள்ளாகவே அனுபவித்து அறிந்தனர். 2003 நவம்பர் நடுவில், இத்துறையினர் புளோரிடா என்று பெயரிட்ட மாற்றம் கூகுளின் வரிசையில் நிகழ்ந்து, விற்பனைச் சொற்களுக்கு முதல் பக்கத்தில் நின்ற ஏராளமான கடைகள் காணாமற்போயின. அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் ஆண்டு வருவாயின் கணிசமான பங்கு கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆறு வாரங்களில் வரும். சரக்கைக் குவித்து, தற்காலிக ஆட்களை அமர்த்தி முடித்திருந்த நேரம் அது. வீழ்ந்தவற்றில் தந்திரங்களால் ஏறியவை பல என்றாலும், ஒழுங்காக வணிகம் செய்தவர்களும் காரணம் சொல்லப்படாமலேயே சேர்ந்து வீழ்ந்தனர். விளம்பரம் வாங்கவைக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்ற சந்தேகம் எழுந்தது. இலவச வரிசையைக் கணிப்பவரும் விளம்பர வரிசையை விற்பவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கும்வரை அத்தகைய சந்தேகத்துக்கு இடம் இருக்கவே செய்யும். பின்னாளில் 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்னும் மாற்றம், அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைப் பாதித்து, தேடுசொற்களுக்காகவே மலிவாக உற்பத்தி செய்யப்பட்ட கட்டுரைத் தளங்களை ஒடுக்கியது. 2012 ஏப்ரலில் வந்த பென்குவின் என்னும் மாற்றம் விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது.

ஒரு வணிகர் பாடுபட்டு வளர்த்த பெயரையே மற்றவர் ஏலத்தில் எடுக்கலாமா என்ற கேள்வி இந்தியாவில் சென்னையிலிருந்து எழுந்தது. அமெரிக்காவில் மென்பொருள் பணியில் இருந்த முருகவேல் ஜானகிராமன், அங்குள்ள தமிழர்களுக்காக 1990களின் பிற்பகுதியில் நடத்திய தளத்தில் வரன் பகுதி ஒன்றுக்கு மிகுந்த வரவேற்பு இருப்பதைக் கண்டு, அதையே தனித் தொழிலாக்கினார். பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி முதலிய பெயர்களில் வளர்ந்த அந்நிறுவனம், தன் வணிகப் பெயர்களை யாரேனும் தேடும்போது போட்டித் தளங்களின் விளம்பரங்கள் தோன்ற இடமளிப்பதாகக் கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2010 செப்டம்பர் 30 அன்று அளித்த விரிவான ஆணையில், அந்தப் பெயர்கள் சேவையையே விவரிக்கும் பொதுச் சொற்களால் ஆனவை என்பது முக்கிய இடம் பெற்றது. இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. தேடுபொறிக்கு உகந்த பெயர் என்பது மக்கள் தாமாகவே தட்டும் பொதுச் சொல்லாக இருக்க வேண்டும், சட்டம் காக்கும் பெயரோ பொதுச் சொல்லாக இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இணையக் கடைகள் உலகெங்கும் உண்டு. அதே நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் அளித்த புகார்களின் மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரி 8 அன்று கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பர ஏலத்தில் ஆணையம் விதிமீறல் எதையும் காணவில்லை. தேடல் முடிவுகளின் பக்கத்தில் தன் சொந்தச் சேவைகளுக்கு முன்னுரிமை அளித்ததே முதன்மையான குற்றமாயிற்று.

பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் இதே முறையீட்டை ஐரோப்பாவில் எழுப்பின. ஆடம் ராப், ஷிவோன் ராப் என்னும் பிரித்தானியத் தம்பதியர் 2006 ஜூனில் வெளியிட்ட பவுண்டெம் தளம், வெளிவந்த சில நாட்களிலேயே கூகுளின் வரிசையில் அதலபாதாளத்துக்குச் சென்றது. மற்றத் தேடுபொறிகளில் அது நன்றாகவே நின்றது. 2009இல் அவர்கள் ஐரோப்பிய ஆணையத்திடம் அளித்த புகார், பிறருடைய முறையீடுகளும் சேர, 2017 ஜூனில் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதமாக முடிந்தது; ஐரோப்பிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதிசெய்தது 2024 செப்டம்பரில். அதற்குள் பவுண்டெம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

கூகுளின் சொந்தப் பொருள் தேடலோ தன் போக்கில் வேறொரு வட்டத்தைச் சுற்றியது. 2002 டிசம்பரில் புரூகிள் என்ற பெயரில் அது தொடங்கியபோது, எந்தக் கடையும் தன் பொருள்களின் பெயர், விலை, படம் ஆகியவற்றைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்றிருந்தது. 2012 மே மாதம் அந்தச் சலுகை திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் பணம் கொடுக்கும் கடைகளின் பொருள்களே அங்குத் தோன்றின. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. இதற்கிடையே பொருள் தேடுவோரில் பலர் தேடுபொறியையே விட்டுவிட்டு நேராக அமேசானுக்குச் சென்று தேடத் தொடங்கியிருந்தனர். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் கடைகள் அடைபட்டிருந்த நாட்களில், ஷாப்பிங் பிரிவில் கட்டணமில்லாப் பட்டியலைக் கூகுள் மீண்டும் திறந்தது. முதன்மைத் தேடல் பக்கத்தின் உச்சியில், படத்தோடும் விலையோடும் நிற்கும் முதல் வரிசை மட்டும் அப்போதும் ஏலத்திலேயே இருந்தது.